எருமைக் கன்றின் தசையும் நாய்க்குட்டியின் தசையும்: நொதியங்கள் பற்றி ஒரு நீளமான பதில்

மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். வீட்டில் எருமைப் பட்டி இருக்கிறது, உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறார். முதலாவது, எருமைக் கன்று பிறந்து ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் எழும்பி நின்று மடியைத் தேடுகிறது, அதே வளவில் நாய் போட்ட குட்டிகள் இரண்டு கிழமைக்குக் கண்ணைக்கூடத் திறக்காமல் கிடக்கின்றன. இரண்டும் பாலூட்டி, இரண்டின் தசையிலும் ஒரே நொதியங்கள்தான் என்று படித்திருக்கிறோம், பிறகு ஏன் இந்த வித்தியாசம்? இரண்டாவது, கஷ்டப்பட்டு இழுத்தெடுத்த ஒரு கன்றின் இரத்தத்தைச் சோதித்தபோது கிரியேட்டின் கைனேஸ் மிகக் கூடுதலாக வந்தது, தசை நொதியம் கூடினால் தசை பலமாக இருக்கிறது என்று அர்த்தமா? மூன்றாவது, தசை வளர்ச்சிக்கு நொதியம் சேர்த்த டொனிக் என்று விற்கிறார்களே, கன்றுக்குக் கொடுக்கலாமா?

நல்ல கேள்விகள். மூன்றும் ஒரே இடத்தில் போய் முடிகின்றன. கன்றின் வன்கூட்டுத்தசையை, அதாவது எலும்போடு ஒட்டி உடலை அசைக்கும் தசையை, வளர்ந்த மாட்டுத் தசையின் சின்ன உருவம் என்று நினைத்தால் எதுவும் விளங்காது. வளர வளர அதற்குள்ளே நொதியங்களின் அளவும் மாறுகிறது, வகையும் மாறுகிறது. அந்த மாற்றம் எந்த வயதில் நடக்கிறது என்பதுதான் விலங்குக்கு விலங்கு வேறு. எருமைக்கு அதில் பெரும் பங்கு தாயின் வயிற்றுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது, நாய்க்கு அது வெளியே வந்த பிறகுதான் நடக்கிறது.

இதை எருமையையும் நாயையும் வைத்து விளக்குவதைவிட எலியையும் கினிப்பன்றியையும் வைத்து விளக்குவது சுகம், ஆய்வுகூடங்களில் அதிகம் பார்த்ததும் இவற்றைத்தான். எலி 21, 22 நாளில் குட்டி போடும். குட்டிக்கு மயிர் இருக்காது, கண் திறந்திருக்காது. கினிப்பன்றியும் கொறிக்கும் விலங்குதான், ஆனால் அது 65 முதல் 70 நாள் வரை சுமக்கிறது, குட்டி பிறக்கும்போதே மயிரும் திறந்த கண்ணுமாய் வந்து அன்றைக்கே ஓடித் திரியும். பிறந்த அன்று இரண்டின் கால் தசையையும் எடுத்து நொதியங்களை அளந்தால், கினிப்பன்றியில் பல நொதியங்கள் வளர்ந்த விலங்கின் அளவுக்குக் கிட்ட வந்துவிட்டிருக்கும். எலியில் குளுக்கோசை வேகமாக உடைக்கும் நொதியங்கள் மிகக் குறைவாக இருக்கும். பிறகு இரண்டாவது, மூன்றாவது கிழமையில் விறுவிறு என்று ஏறும், அதாவது கண் திறந்து கூட்டை விட்டு வெளியே வந்து பாலை மறக்கிற அந்தக் காலத்தில். காட்டில் கூட்டத்தோடு நடந்து போகவேண்டிய விலங்கின் குட்டிக்கு முதல் நாளே கால் வேண்டும், பொந்துக்குள் கிடக்கக்கூடிய குட்டிக்கு அவசரம் இல்லை. உங்கள் எருமையும் நாயும் இந்த இரண்டு வழியில் ஆளுக்கொன்று. நடப்பதற்கு நொதியம் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நாய்க்குட்டியின் மூளையும் நரம்பும் அப்போது முழுதாகத் தேறியிருக்காது, தசை தயாராக இருந்தால்கூட அதை ஓட்ட ஆள் இல்லை.

சரி, வகை மாறுகிறது என்று சொன்னேனே, அதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கிரியேட்டின் கைனேஸை எடுங்கள், சுருக்கமாக சி.கே. தசை திடீரென்று வேலை செய்யத் தொடங்கும்போது கையிருப்பில் உள்ள ஏ.ரி.பி., அதாவது கலத்துக்கு வலு கொடுக்கும் பொருள், சில விநாடிகளுக்குத்தான் காணும்; செலவழிந்தால் அது ஏ.டி.பி. ஆகிவிடும். அந்த நேரத்தில் கிரியேட்டின் பொஸ்பேற்றிலிருந்து பொஸ்பேற்றை எடுத்து ஏ.டி.பி.யில் ஒட்டி உடனே ஏ.ரி.பி. ஆக்கிக் கொடுப்பது சி.கே.யின் வேலை. இந்த நொதியம் இரண்டு துண்டு சேர்ந்தது. துண்டில் இரண்டு வகை உண்டு, மூளையில் கூடுதலாகக் காணப்படுவது பி, தசையில் கூடுதலாகக் காணப்படுவது எம். முளைய நிலையில் தசையாகப்போகிற கலங்கள் தனித்தனியாக இருக்கும்போது அவற்றில் பி-பி வகைதான் இருக்கும். அந்தக் கலங்கள் ஒன்றோடொன்று இணைந்து பல கருக்கொண்ட நீளமான தசைநாராக மாறத் தொடங்கியதும் எம் துண்டு உண்டாகிறது, கொஞ்சக் காலம் எம்-பி கலப்பு தெரியும், கடைசியில் எம்-எம் மட்டும் மிஞ்சும். வேலை ஒன்றுதானே, வகை மாறி என்ன பிரயோசனம் என்று கேட்கலாம். எம்-எம் வகைக்கு ஒரு தனி இயல்பு இருக்கிறது: தசைநாருக்குள் சுருங்கும் புரதங்கள் அடுக்கியிருக்கும் ஒவ்வொரு துண்டத்தின் நடுக்கோட்டிலும் அது போய்ப் பிடித்துக்கொள்ளும், பி-பி அப்படிப் பிடிப்பதில்லை. சுருக்கும் புரதமான மயோசின் ஏ.ரி.பி.யைச் செலவழிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே அதைத் திருப்பி உண்டாக்கும் நொதியமும் குந்தியிருக்கிறது. ஆகவே ஒரு குட்டியின் தசையில் மொத்த சி.கே. எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும்.

லக்டேட் டிஹைட்ரோஜினேஸ், அதாவது எல்.டி.எச்., இன்னும் சுவாரசியம். குளுக்கோசு உடைந்து வரும் பைருவேற்றை லக்டேற்றாக மாற்றுவது இதுதான். இது நான்கு துண்டு சேர்ந்தது, துண்டில் எச், எம் என்று இரண்டு வகை, ஆகவே ஐந்து விதமான சேர்க்கை வரும். எச் வகை இதயத்தில் அதிகம். ஒட்சிசன் தாராளமாகக் கிடைத்து ஓயாமல் வேலை செய்யும் தசைக்கு ஏற்றது, பைருவேற்று குவிந்தால் அதன் வேகம் அமர்ந்துவிடும். எம் வகை அப்படி இலகுவில் அமராது, ஒட்சிசன் பற்றாத நேரத்தில் சட்டென்று பெரும் வலு கொடுக்கவேண்டிய தசைக்கு அதுதான் தோது. கோழி முளையத்தின் நெஞ்சுத் தசையில் முதலில் இருப்பது எச் வகை. முளையம் வளர்ந்து குஞ்சு பொரித்து வரும் காலத்தில் அது படிப்படியாக எம் வகைக்கு மாறுகிறது, இதயம் எச்சிலேயே நின்றுவிடுகிறது. இது 1960களின் தொடக்கத்திலேயே தெரிந்த விஷயம். நெடுநேரம் பறக்கும் பறவைகளின் நெஞ்சில் எச் வகை கூடுதலாக இருக்கும் என்றும் அந்தக் காலத்திலேயே காட்டினார்கள். கோழி பறப்பது வேலி தாண்டும் அளவுக்குத்தான், ஒரு வெடிப்பு, பிறகு இறங்கிவிடும், அதன் நெஞ்சுத் தசை வெள்ளையாக இருப்பதற்கும் இதுதான் காரணம்.

ஒருநாள் வயதுக் கோழிக்குஞ்சு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், இதற்கு ஆய்வுகூடம் வேண்டாம். தொடையைத் தொட்டால் திரண்டு இறுக்கமாக இருக்கும், குஞ்சு கையிலிருந்து உதைத்துக்கொண்டு இறங்கப் பார்க்கும். நெஞ்சைத் தடவினால் நடு எலும்பு விரலுக்குக் கூராகத் தட்டுப்படும், இருபக்கமும் தசை மெல்லிசாகத்தான் இருக்கும். பிடரியில் ஒரு தடிப்பு இருக்கும். முட்டை ஓட்டை உடைக்கத் தலையை நிமிர்த்திக் குத்துவதற்கென்று பெருத்த தசை அது, பொரித்த பிறகு வற்றிப்போய்விடும். ஒரே குஞ்சு, ஒரே வயது, மூன்று தசையும் மூன்று நிலை. தேவை வருகிற நேரத்தில்தான் அந்தந்தத் தசை தேறுகிறது. 'இளம் விலங்கின் தசையில் நொதியம் இவ்வளவு' என்று பொதுவாக எழுதியதை எங்கே கண்டாலும் எந்தத் தசை, எந்த வயது என்று கேளுங்கள், பதில் இல்லையென்றால் அந்த எண்ணால் பிரயோசனம் இல்லை.

மற்ற நொதியங்களும் இப்படித்தான், ஒவ்வொன்றாக விரிக்கத் தேவையில்லை. பைருவேற்று கைனேஸ் முளையத்தில் எம்2, வளர்ந்த தசையில் எம்1, இரண்டும் ஒரே பரம்பரையலகிலிருந்துதான் வருகின்றன, வாசிக்கும் விதம் வேறு. அல்டோலேஸில் சி வகை குறைந்து ஏ வகை நிலைக்கிறது. கிளைக்கோசனை உடைக்கும் பொஸ்போரிலேஸிலும் தசைக்கே உரிய வகை பிறகுதான் முன்னுக்கு வருகிறது. கலத்துக்குள் ஒட்சிசனைக் கொண்டு வலு உண்டாக்கும் இழைமணிகளில் உள்ள சித்திரேற்று சிந்தேஸ், சைட்டோகுரோம் ஒட்சிடேஸ் போன்றவையும் பிறந்த பிறகு கூடுகின்றன, நிற்கவும் நடக்கவும் பயன்படுகிற, நாள் முழுக்க வேலை செய்யும் தசைகளில் இது நன்றாகத் தெரியும். தசைக்குள் ஒட்சிசனைப் பிடித்து வைக்கும் சிவப்புப் புரதமான மயோகுளோபின் நொதியம் இல்லை, ஆனாலும் அதையும் சொல்லலாம், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிவது: இறைச்சிக்கடையில் குட்டி ஆட்டின் இறைச்சி வெளிறிய இளஞ்சிவப்பு, முற்றின கிடாயின் இறைச்சி கருஞ்சிவப்பு.

மயோசினை மட்டும் விட்டுவிட முடியாது. தசையைச் சுருக்கும் புரதம் என்று படிப்போம், ஆனால் அதுவே ஒரு நொதியமும்தான், ஏ.ரி.பி.யை உடைப்பது அதன் தலைப்பகுதி. அதிலும் முளைய வகை, பிறந்த காலத்து வகை, பிறகு வளர்ந்த விலங்கின் மெதுவான வகையும் வேகமான வகைகளும் என்று வரிசை உண்டு. மயோசின் ஏ.ரி.பி.யை எவ்வளவு வேகமாக உடைக்கிறதோ அந்தத் தசை அவ்வளவு வேகமாகச் சுருங்கும் என்று 1967இல் மைக்கேல் பரானி பல விலங்குகளின் தசைகளை ஒப்பிட்டுக் காட்டினார். அதற்கு முன்னரே, 1960இல், புல்லரும் ஜோன் எக்கிள்ஸும் ரோஸமண்ட் எக்கிள்ஸும் பூனைக்குட்டிகளில் பார்த்தது என்னவென்றால், பிறந்த புதிதில் கால் தசைகள் எல்லாமே மெதுவாகச் சுருங்குகின்றன, சில கிழமைகள் போகத்தான் வேகத் தசைகள் வேகமாகின்றன. அத்தோடு நிற்காமல் மெதுவான தசையின் நரம்பை வெட்டி வேகத் தசைக்கும், வேகத் தசையின் நரம்பை மெதுவான தசைக்கும் மாற்றிப் பொருத்திப் பார்த்தார்கள். தசைகள் புது நரம்பின் போக்குக்கு மாறத் தொடங்கின. தசை என்ன நொதியத்தை வைத்திருக்கவேண்டும் என்பதில் நரம்புக்கு அவ்வளவு பெரிய சொல் இருக்கிறது. இன்னொரு சொல் தைரொயிட் ஓமோனுக்கு. எலிக்குட்டிக்கு அது குறைந்தால் பிறந்த காலத்து மயோசின் போகாமல் நெடுநாள் இழுபடும்.

இனி அளக்கும் விதம். பள்ளிக்கூட அறிக்கைகளில் அதிகம் சறுக்குவது இங்கேதான் என்பதால் சொல்கிறேன். தசைத் துண்டைக் குளிரில் அரைத்து, தெளிந்த நீரை எடுத்து, நொதியத்துக்கு வேண்டிய அளவுக்கு மேலாகவே கீழ்ப்படையை, அதாவது அது மாற்றும் பொருளை, கொடுத்து, ஒரு நிமிடத்தில் எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பார்கள். ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் மாறினால் ஒரு அலகு. எல்.டி.எச். என்றால் 340 நனோமீற்றர் ஒளியை உறிஞ்சுவது குறைவதைப் பார்த்தே கணக்கிடலாம். இது நொதியத்தின் உச்சத் திறன், உயிரோடிருக்கும் கன்றின் காலில் அந்த நிமிடம் அவ்வளவு வேலை நடக்கிறது என்று எடுக்கக்கூடாது. வெப்பநிலை 25 பாகையா 37 பாகையா என்று எழுதாத எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. அதைவிட முக்கியம், எதனால் வகுத்தீர்கள் என்பது. புதிதாய்ப் பிறந்த குட்டியின் தசையில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், வளர்ந்த தசையில் ஏறக்குறைய 75. ஒரு கிராம் ஈரத் தசைக்கு என்று கணக்குப் போட்டால் குட்டியின் நொதியம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும், ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு என்று போட்டால் வித்தியாசம் சுருங்கும். இரண்டு கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுவதுதான் நியாயம்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம், இது வீட்டில் உள்ளவர்களுக்கு விளங்கவேண்டிய விஷயம். மேலே சொன்னதெல்லாம் தசைக்குள் இருக்கும் நொதியம். இரத்தச் சோதனையில் வருவது தசையை விட்டு வெளியே கசிந்த நொதியம். இரண்டும் எதிரெதிர் செய்தி. தசைநாரின் சவ்வு கிழிந்தால் சி.கே. இரத்தத்துக்குள் வரும். கன்றை இழுத்தெடுக்கும்போது தசை நசுங்கியிருக்கும், கன்று எழும்ப முடியாமல் ஒரே பக்கமாகக் கிடந்தாலும் நசுங்கும். சுகமாகப் பிறந்த கன்றுக்கே முதல் நாளில் சி.கே. வளர்ந்த மாட்டைவிடக் கூடுதலாக இருக்கும், கஷ்டப் பிரசவம் என்றால் இன்னும் கூடும். ஆகவே அந்த எண் பலத்தைக் காட்டவில்லை, காயத்தைக் காட்டுகிறது. பயப்படவும் தேவையில்லை, காயம் தொடராவிட்டால் ஓரிரு நாளில் இறங்கிவிடும். ஏ.எஸ்.ரி. என்ற மற்ற நொதியம் இறங்க இன்னும் பல நாள் எடுக்கும். மிருக வைத்தியர் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது இதற்காகத்தான்: சி.கே. இறங்கி ஏ.எஸ்.ரி. மட்டும் நின்றால் காயம் பழையது, சி.கே. இறங்காமலே இருந்தால் தசை இன்னும் அழிந்துகொண்டிருக்கிறது.

அப்படி இறங்காமல் நின்று, கன்றோ ஆட்டுக்குட்டியோ விறைத்து நடந்து, எழும்பச் சிரமப்பட்டால், வைத்தியர் நினைத்துப் பார்க்கும் நோய்களில் ஒன்று வெள்ளைத் தசை நோய். செலனியமும் விற்றமின் ஈயும் குறைவதால் வருவது, இளசுகளில்தான் அதிகம். இதுவும் நொதியக் கதைதான்: குளுட்டதயோன் பெரொட்சிடேஸ் என்ற நொதியத்துக்குள் செலனியம் இருக்கிறது என்று 1973இல் கண்டுபிடித்தார்கள். வேகமாக வளர்கிற, ஒட்சிசனை அதிகம் எரிக்கிற இளந்தசையில் சவ்வைக் கெடுக்கும் பெரொட்சைட்டுகளை அதுதான் அழிக்கிறது, அது குறைந்தால் தசைநார் செத்து வெளிறிப்போகும். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகச் செலனியம் வாங்கி ஊசி போடாதீர்கள், தேவைக்கும் நஞ்சுக்கும் இடையில் உள்ள தூரம் மிகக் குறைவு.

மாதிரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. செங்குருதிக் கலங்களுக்குள்ளும் எல்.டி.எச். நிறைய இருக்கிறது. இரத்தம் எடுக்கும்போது கலங்கள் உடைந்தாலோ, நம் வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனாலோ எண் பொய்யாக ஏறும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து மட்டக்களப்பு நகருக்குப் போவது சுருக்கமாகிவிட்டது, ஆனாலும் ஐஸ் போட்ட பெட்டியில்தான் கொண்டுபோகவேண்டும், ஐஸ் நேரடியாகக் குழாயில் படாமல்.

மூன்றாவது கேள்வி, டொனிக். வாயால் கொடுக்கும் நொதியம் ஒரு புரதம், இரைப்பையிலும் குடலிலும் போய் மற்றப் புரதங்களைப்போலவே உடைந்துவிடும், முழுசாகத் தசைக்குள் போய் உட்கார வழியே இல்லை. கோழித் தீவனத்தில் பைற்றேஸ் போன்ற நொதியம் சேர்க்கிறார்கள், அது வேறு. அது குடலுக்குள் தீவனத்தை உடைப்பதற்கு, அந்த இடத்தில் அது வேலை செய்யும். தசையின் நொதியத்தைத் தசையே அமினோ அமிலங்களிலிருந்து செய்துகொள்ளவேண்டும். அந்த அமினோ அமிலம் கன்றுக்கு வருவது பாலிலிருந்து.

இந்த இடத்தில் நம் பட்டிக்காரர்களிடம் ஒரு விஷயத்தை நேராகச் சொல்லவேண்டும். எருமைத் தயிருக்கு இங்கே நல்ல பெயர், சட்டித் தயிர் வாங்காமல் மட்டக்களப்பைத் தாண்டிப்போகிற ஆள் குறைவு. அந்தச் சட்டியை நிரப்பக் கன்றின் பங்கிலிருந்து எடுக்கிறோம். சுரக்க வைப்பதற்குக் கன்றை ஒரு நிமிடம் ஊட்டவிட்டு இழுத்துக் கட்டுவதும், கடைசியில் வற்றின மடியில் விடுவதும் எல்லாப் பட்டியிலும் நடக்கிறது என்று சொல்லமாட்டேன், நடக்கிற இடங்கள் இருக்கின்றன. முதல் கிழமைகளில் இதைச் செய்வதால் வரும் நட்டம் பிறகு தீனி போட்டு முழுதாக ஈடுசெய்யக்கூடியது இல்லை. தசைநார்களின் எண்ணிக்கை மாடு, எருமை, ஆடு போன்றவற்றில் பிறக்கும்போது ஏறத்தாழ முடிவாகிவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாரும் தடிக்கவேண்டும், தடிக்கப் புதுக் கருக்கள் வேண்டும், அவற்றைக் கொடுப்பது நாரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் துணைக்கலங்கள். புதிதாய்ப் பிறந்த சுண்டெலியின் தசையில் கருக்களில் 30 சதவீதம் அளவுக்கு இந்தக் கலங்களுடையவை, வளர்ந்ததில் 5 சதவீதத்துக்கும் குறைவு. கலங்கள் பெருகும் காலம் ஆரம்பத்தில்தான் என்பது இதிலிருந்தே தெரியும். எலிக்குட்டிகளைப் பால்குடி வயதில் பட்டினி போட்டால் உறுப்புகளில் கலங்களின் எண்ணிக்கை குறைந்தது குறைந்ததுதான், வளர்ந்த பிறகு பட்டினி போட்டால் மீண்டுவிடும் என்று வினிக்கும் நோபிளும் 1966இல் காட்டினார்கள். புரதம் கட்டும் வேகமும் இளந்தசையில்தான் உச்சம், ஒரு வயிறு பால் குடித்ததும் அந்த வேகம் ஏறுவதும் முதல் கிழமைகளில்தான் மிகக் கூடுதல்.

கடும்புப் பாலை முதல் சில மணித்தியாலங்களுக்குள் வயிறு நிறையக் கொடுங்கள், அது நோய் எதிர்ப்புக்கும் வேண்டும், உடம்புச் சூட்டுக்கும் வேண்டும். கார்த்திகை, மார்கழி மாரிமழையில் பிறக்கிற ஆட்டுக்குட்டிகள் நனைந்த நிலத்தில் கிடந்து சாவதற்கு ஒரு காரணம் குளிர். கன்றுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் பிறக்கும்போது சூடு உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பு கொஞ்சம் இருக்கிறது, பன்றிக்குட்டிக்கு அதுவும் இல்லை. மிச்சச் சூட்டைத் தசை நடுங்கித்தான் உண்டாக்கவேண்டும், நடுங்கக் கிளைக்கோசன் வேண்டும், அது பால் வராவிட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடும். உலர்ந்த சாக்கால் துடைத்து, காற்றுப் படாத இடத்தில் தாயோடு விடுவது எந்த டொனிக்கையும் விடப் பெரிய மருந்து.

எருமைக் கன்றுக்கு இன்னொன்று. தாயின் பால் வழியாகவே ஒரு பெரிய உருளைப்புழு கன்றின் குடலுக்கு வருகிறது, வயிறு ஊதி, கழிந்து, மெலிந்து சாகிற கன்றுகளில் பலதுக்குக் காரணம் அதுதான். பிறந்த இரண்டாவது கிழமையில், ஏறத்தாழ 10 முதல் 16 நாளுக்குள், சரியான பூச்சி மருந்தை ஒரு தடவை கொடுத்தால் புழு முற்றுவதற்கு முன்னரே போய்விடும். பாலுக்குப் பயந்து கன்றைப் பாலிலிருந்து மறித்துவிடாதீர்கள், மருந்தைக் கொடுத்துவிட்டுப் பாலைத் தொடருங்கள். டொனிக்குக்கு எடுத்து வைத்த காசில் இந்த மருந்தை வாங்கலாம், நிறையைப் பார்த்து அளவைச் சொல்ல உங்கள் பிரதேச மிருக வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். கன்று பிறந்த திகதியை மட்டும் எங்காவது எழுதி வைத்துக்கொண்டு போங்கள், அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.